எல்லா அறிகுறியையும் நான் பார்த்தேன்

போன மாதம் தீபா டீச்சர் ஒரு தாளைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் வகுப்பை ஏற்றுக்கொண்டவள், கெட்டிக்காரி. ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்ததாம். பதின்வயதுப் பிள்ளைகளிடம் மனநோய் ஆரம்பிக்கும்போதே அதைக் கண்டுகொள்வது எப்படி என்று அச்சடித்த தாள் ஒன்றும் மதியம் தக்காளி சாதமும் கொடுத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே தீபா எழுதியிருந்தாள்: 'இதைப் பார்த்ததும் உங்க ஞாபகம்தான் மேடம். நீங்க அப்பவே இதையெல்லாம் கவனிச்சு எழுதி வெப்பீங்கல்ல? ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை ஒரு கட்டுரையா எழுதித் தாங்க.'

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பெரிதாக்கிப் படித்தேன். தோழிகளை விட்டு விலகி உட்காருவது. சாப்பாட்டைத் தொடாமல் டப்பாவைத் திரும்பக் கொண்டுபோவது. தூக்கம் கெட்ட கண்கள். தலை வாராமல், சீருடை துவைக்காமல் வருவது. தனக்குத் தானே சிரிப்பது, முணுமுணுப்பது. மதிப்பெண் திடீரென்று சரிவது. யாரோ தன்னையே பார்க்கிறார்கள் என்று சொல்வது. இப்படிப் பதினோரு வரிகள். அதில் ஒன்பது எனக்கு மனப்பாடம். அவை என்னுடைய பட்டியல்தான். பதினான்கு வருடம் அதே பட்டியலை வைத்துக்கொண்டுதான் நான் பெண் பிள்ளைகளைக் கண்காணித்தேன். ஒரே ஒரு வித்தியாசம். தாளில் தலைப்பு மனநோய் என்று இருக்கிறது. என் நோட்டில் தலைப்பு காதல் என்று இருந்தது.

தீபா கேட்டது அனுபவக் கட்டுரை. எழுதித் தருகிறேன். அதை மலரில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

நான் கிருஷ்ணகிரியில் வளர்ந்தவள். அப்பா மிஷன் பள்ளியில் எழுத்தர். வேதியியல் படித்து, பி.எட். முடித்து, ஊத்தங்கரைப் பக்கம் முதல் வேலை. பிறகு நான்கு முறை மாறுதல். கடைசியில் ஓசூர் கம்பெனிகளுக்கும் ஜவளகிரிக் காட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வந்து நிலைத்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ, கீழே குடுவையில் இருப்பது இளஞ்சிவப்பாக மாறும் அந்த நொடியில் குழாயைத் திருகி நிறுத்த எத்தனையோ பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். அவர்களில் பாதிப் பேர் இன்று கம்பெனிகளில் ஒயர் சுற்றுகிறார்கள், மீதிப் பாதி தக்காளி பறிக்கிறார்கள். பாடம் நடத்தியதைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை.

பள்ளியில் ஒழுங்குக் குழு என்று ஒன்று இருந்தது. நான்தான் பொறுப்பாசிரியை. தலைமையாசிரியை வசந்தா மேடம் வந்த முதல் வருடமே அதை என் தலையில் கட்டினார். அவர் கவலையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் காட்டோர ஊர்களிலிருந்து வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒரு பெண் யாருடனாவது ஓடிப் போனால், அடுத்த திங்கட்கிழமை அந்த ஊரிலிருந்து பத்துப் பெண்கள் பள்ளிக்கு வரமாட்டார்கள். அப்படி நின்றவர்களை நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருக்கிறேன். அதனால் 'ஓடாமல் பார்த்துக்கொள்வது' என்பது எங்கள் பள்ளியில் கணக்கு, அறிவியல் மாதிரி இன்னொரு பாடம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். எனக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று சக ஆசிரியைகள் கேலி செய்வார்கள், அதில் எனக்குப் பெருமைதான். ஒருமுறை பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று நாளாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை என்பதை வைத்தே கண்டுபிடித்தேன். நான்காம் நாள் அவளை ஜூஜுவாடி எல்லை செக்போஸ்ட் பக்கம், பெங்களூரு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, துணிப் பையோடு கையும் களவுமாகப் பிடித்துக் கூட்டி வந்தோம். அவள் பரீட்சை எழுதினாள், நர்சிங் படித்தாள், பிறகு எனக்குக் கல்யாணப் பத்திரிகையும் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து என் கண்ணை நானே சந்தேகப்படுவதை விட்டுவிட்டேன்.

முறை ஒன்று வைத்திருந்தோம். முதலில் கவனிப்பு. பச்சை அட்டை போட்ட நீள நோட்டில் தேதி, நேரம், பெயர், பார்த்தது என்ன, பார்த்தது யார் என்று கட்டம் போட்டு எழுதுவேன். மூன்று பதிவு சேர்ந்தால் பக்கத்தில் 'கா.ச.' என்று சிவப்பில் குறிப்பேன், அதாவது காதல் சந்தேகம். அடுத்து காலை வழிபாட்டு நேரத்தில், வகுப்பு காலியாக இருக்கும்போது, பை சோதனை. புத்தகத்தின் அட்டைக்குள், கணிதப் பெட்டியின் அடியில், நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில். அடுத்து நெருங்கிய தோழியைத் தனியாக விசாரிப்பது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணை மேடத்தின் அறைக்கு அழைப்பது. முடிவில் பெற்றோரை வரவழைத்து, 'இனி இப்படி நடக்காது' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. எதையும் மாற்றிச் செய்ய மாட்டோம். அவ்வளவு ஒழுங்காக நான் ஆய்வகத்தைக்கூட நடத்தியதில்லை.

வசந்தா மேடம் கத்தி யாரும் கேட்டதில்லை. பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொல்வார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். தன் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "சொல்லு கண்ணு" என்பார். பிள்ளை என்ன சொன்னாலும் முதல் தடவை காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பார். மூன்றாம் தடவை கேட்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் அழுது, பெயரைச் சொல்லிவிடும். நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வேன்.

மஞ்சுளா என் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். ஜவளகிரி தாண்டி உள்ளே ஒரு ஊர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அப்பா திம்மராஜுக்கு இரண்டு ஏக்கரும் ஒரு போர்வெல்லும். அம்மா கௌரம்மா. ஆய்வகத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தாத கை அவளுக்கு. பேச்சு குறைவு, ஆனால் கேட்டால் சிரித்த முகமாகப் பதில் சொல்வாள். காலாண்டு விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் அவள் இரண்டாம் பெஞ்சிலிருந்து எழுந்துபோய், சாலைப் பக்கம் ஜன்னல் ஓரக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். அன்றைக்கே எழுதினேன். அடுத்த வாரம் டப்பா திறக்கவில்லை. அதற்கடுத்து இரண்டு நாள் ஒரே சட்டை, காலரில் அழுக்குக் கோடு. தலையில் எண்ணெய் இல்லை. ஆக்சிஜனேற்ற எண் நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். மாதத் தேர்வில் வேதியியலில் வெறும் பதினெட்டு மதிப்பெண். இத்தனையும் நோட்டில் ஏறியது. பக்கத்தில் சிவப்பில் கா.ச. போட்டபோது, மறுபடி மோப்பம் பிடித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

பையில் கடிதம் இல்லை, போன் இல்லை, படம் இல்லை. உயிரியல் நோட்டின் பின்பக்கங்களில் வண்டி எண்கள் இருந்தன. பதினாறு பக்கம், இடைவெளி இல்லாமல், நுணுக்கி நுணுக்கி. எங்கள் பள்ளிச் சாலையில் தமிழ்நாட்டு வண்டியும் கர்நாடக வண்டியும் சரிபாதி ஓடும். அவள் ஒன்றையும் விடவில்லை. மேடமும் நானும் உட்கார்ந்து எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது என்று பென்சிலால் சுழித்துக்கொண்டே போனோம். ஒரு எண் மட்டும் முப்பத்து நான்கு தடவை வந்திருந்தது. அது காலை எட்டே முக்காலுக்கும் மாலை நாலரைக்கும் போகும் கம்பெனி பஸ். தினமும் இரண்டு தடவை தவறாமல் போகிற வண்டி அந்தச் சாலையில் அது ஒன்றுதான், அதனால்தான் அதிகம் வந்திருக்கிறது என்று கணக்குப் போட வேதியியல் பட்டம் தேவையில்லை. அன்று இரண்டு முதுகலைப் பட்டதாரிகளுக்கும் அது தோன்றவில்லை.

தோழிக்கு ஒன்றும் தெரியவில்லை. 'அவ எங்கூட பேசறதையே வுட்டுட்டா மிஸ்' என்று மட்டும் அழுதாள். மஞ்சுளாவை அழைத்தோம். தண்ணீரை அவள் தொடவில்லை, டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். யாரோடு பேசுகிறாய் என்று மேடம் கேட்டார். நான் யாரோடும் பேசவில்லை, அவர்கள்தான் பேசுகிறார்கள் என்றாள்.

"யாரு கண்ணு பேசறது?"

"தெரிலீங்க மேடம். சுவத்துக்கு அந்தாண்ட இருந்து பேசறாங்க. நான் சாப்டா, சாப்பிடறா பாருன்றாங்க, எழுதினா, எழுதறா பாருன்றாங்க. நம்பர் எழுதிக்கினே இருந்தா மட்டும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கறாங்க."

மேடம் இரண்டாம் தடவை கேட்டார். அதே பதில். மூன்றாம் தடவை கேட்டார். அவள் அழவில்லை, பெயரும் சொல்லவில்லை. எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்து, உங்களுக்கும் கேட்கிறதா என்று கேட்டாள். வசந்தா மேடம் முதல்முறையாகக் கொஞ்சம் தடுமாறினார். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் என் பக்கம் திரும்பினார். அவர் அப்போது என் வார்த்தைக்குத்தான் காத்திருந்தார் என்று இன்று நிச்சயமாகச் சொல்வேன். நான் ஆவி வந்ததாக ஆடிய பெண்ணைப் பார்த்தவள், மயங்கி விழுந்ததாக நடித்தவளைப் பார்த்தவள், பாட்டி செத்துவிட்டாள் என்று அழுதவளின் பாட்டியை மறுநாள் சந்தையில் பார்த்தவள்.

"நடிக்கிறா மேடம்," என்றேன்.

அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், நோட்டில் எழுதி வைத்தேன். கீழே 'மழுப்பல்' என்று எழுதினேன்.

பெற்றோரை வரவழைத்தோம். திம்மராஜ் வயலிலிருந்து நேரே வந்திருந்தார், முழங்கால் வரை ஈரமண். எங்கள் பக்கத்தில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்து, 'உங்க பொண்ணு போக்கு சரியில்ல' என்று ஒரு டீச்சர் சொன்னால், அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, பையன் யார் என்று. கம்பெனி பஸ்ஸில் வருகிற யாரோ என்று சந்தேகம் இருப்பதாகச் சொன்னேன். அவர் கைகட்டி நின்று தலையாட்டினார். சொன்னதற்கு நன்றியும் சொன்னார்.

கௌரம்மா மட்டும் நகரவில்லை. பெண் இரவில் தூங்குவதே இல்லை, சோற்றில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறாள், மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்கிறாள், தனக்குப் பயமாக இருக்கிறது, எங்கேயாவது காட்ட வேண்டுமா என்று கேட்டாள். பெற்ற தாய், பள்ளிக்கூடம் போகாதவள், சரியான கேள்வியைக் கேட்டாள். இந்த வயதில் எல்லாம் இப்படித்தான், போனை மட்டும் பிடுங்கி வையுங்கள் என்றேன். பெண்ணிடம் போனே இல்லை என்றாள். ஒளித்து வைத்திருப்பாள், தேடுங்கள் என்றேன்.

மஞ்சுளா உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் கைநாட்டு வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்து நானும் உடற்கல்வி ஆசிரியையும்.

நான்காம் நாள் காலை ஒரு ஆள் பள்ளிக்கு வந்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், பெயர் செல்வம், ஊர் ஊத்தங்கரைப் பக்கம். முந்தின நாள் மாலை திம்மராஜின் தம்பிகள் பஸ்ஸை மறித்து, ஆட்கள் முன்னால் கீழே இழுத்துப் போட்டு அடித்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டதற்குப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேள் என்றார்களாம்.

"எம் பொண்ணும் பத்தாவது படிக்குதுங்க," என்றார். "இந்த ரோட்ல வண்டி ஓட்டறேன், அவ்ளோதாங்க டீச்சர். நீங்க சொல்ற பொண்ணு கருப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான்கு நாள் முன்பு நாற்காலியில் உட்கார்ந்த பெண் உண்மை சொன்னபோது மட்டும் தெரியாமல் போன அதே எனக்கு. அவர் போன பிறகு மேடத்திடம் சொன்னேன். நாம் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று இருக்கிறது, திம்மராஜுக்குப் போன் செய்து சொல்லிவிடலாமா என்றேன். மேடம் ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"இவன் இல்லன்னா வேற ஒருத்தன் டீச்சர். புள்ள போக்கு மாறுனது நெசம்தான? நீங்கதான பாத்தீங்க?"

வெளியே வந்தேன். திம்மராஜின் எண் நோட்டிலேயே இருந்தது. அரையாண்டுத் தேர்வு வேலை தலைக்கு மேல் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. கழுகுக் கண் என்று பதினான்கு வருடம் கேட்டுப் பழகிய காது, 'தப்பு பண்ணிட்டேன்' என்று தன் வாயாலேயே கேட்கத் தயாராக இல்லை. அந்த ஒரு போன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சுளா பள்ளிக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, மஞ்சுளாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது மிஸ் என்றாள். எல்லை தாண்டி, கர்நாடகப் பக்கம் மாப்பிள்ளை ஊரில் வைத்து முடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். இங்கே வைத்தால் யாராவது போன் செய்து அதிகாரிகள் வந்து நிறுத்துவார்கள். அங்கே போய் வைத்தால் அங்கிருப்பவர்களுக்குப் பெண்ணின் வயது தெரியாது, இங்கிருப்பவர்களுக்கு அது வேறு மாநிலம். மாப்பிள்ளை, தாய்மாமன் வகையில் சொந்தம். பெண்ணுக்குப் பதினாறு முடிந்திருந்தது. புகார் செய்ய வேண்டியது எங்கள் கடமை. வேறு ஸ்டேட்டில் நடந்ததற்கு நாம் என்ன செய்வது, பள்ளிப் பெயர் பேப்பரில் வரக் கூடாது என்றார் மேடம். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தியதற்குக் காரணம் என்ன என்று கேட்பார்கள், பச்சை நோட்டைக் கேட்பார்கள். அவள் பதிவின் கடைசிக் கட்டத்தில், 'முடிவு' என்ற இடத்தில், 'பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதி மூடினேன். மொபைல் வருகைப் பதிவில் அவள் பெயர் சில வாரம் சிவப்பில் இருந்தது, பிறகு நீண்ட நாள் வராதவர் பட்டியலுக்குப் போய்விட்டது.

அடுத்த கோடையில் வசந்தா மேடம் பதவி உயர்வில் போனார். புதிதாக வந்தவர் பீரோவைக் காலி செய்தபோது பச்சை நோட்டுகளைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு மாதத்தில் எனக்கும் சால்வை போர்த்தி, 'மாணவிகளின் மனதைப் படித்தவர்' என்று பேசி அனுப்பி வைத்தார்கள்.

ஓசூரில் என் வீட்டைத் தேடி கௌரம்மா வந்தது அதற்குப் பிறகுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல் நின்றாள். மாப்பிள்ளை வீட்டில் மஞ்சுளா எட்டு மாதம் இருந்திருக்கிறாள். சாப்பிட மறுத்தாள், சுவரோடு பேசினாள், ஒருநாள் காதில் குச்சியை விட்டுக் குத்திக்கொண்டாள். கோயில் கோயிலாகக் கூட்டிப் போயிருக்கிறார்கள், வேப்பிலையால் அடித்திருக்கிறார்கள், பிறகு கையாலும் அடித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு விடியற்காலை துணி மூட்டையோடு கொண்டுவந்து வீட்டு முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுகிறார்கள். மாத்திரை கொடுக்கிறார்கள், குரல்கள் கொஞ்சம் அடங்கியிருக்கின்றன. ஆனால் இது எப்போது ஆரம்பித்தது, முதலில் என்ன மாறியது என்று டாக்டரம்மா கேட்டால் வீட்டில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. திம்மராஜ் கல்யாணத்துக்குப் பிறகு என்கிறார், மாப்பிள்ளை வீட்டார் முன்பே என்கிறார்கள். பள்ளியில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், மருந்தைத் தீர்மானிக்க உதவும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"நீங்க எல்லாம் எழுதி வெச்சிருந்தீங்களே டீச்சர்," என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போனேன். மரப் பெஞ்சில் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதி, உடம்பு பருத்து, மடியில் வைத்த விரல்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டுச் சிந்தாத விரல்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட்மார்னிங் மிஸ்" என்றாள். நான் உட்காரச் சொல்லும்வரை நின்றாள்.

டாக்டர் சின்னப் பெண், முப்பது வயது இருக்கலாம். கேட்டார். நோட்டு இல்லாமலே சொன்னேன். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு எந்த நாள் பெஞ்ச் மாறினாள், எந்த வாரம் டப்பா திறக்கவில்லை, எப்போது முதலில் தனியாகச் சிரித்தாள், டம்ளரை முகர்ந்து பார்த்தது, சுவருக்கு அந்தாண்ட குரல்கள், எண்களை எழுதினால் அவை அடங்கியது, கொட்டகையில் காதைப் பொத்திக்கொண்டது. அவர் பேனா நிற்காமல் ஓடியது. முடித்ததும் நிமிர்ந்து, இவ்வளவு துல்லியமாகப் பெற்றவர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள், உங்களைப் போல ஒரு டீச்சர் கிடைக்க இந்தப் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். பிறகு கௌரம்மா பக்கம் திரும்பினார். குரல் கடுமையானது.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏம்மா அப்பவே கூட்டிட்டு வரல? ஒன்றரை வருஷம் வீணாப் போயிருக்கு. அப்ப வந்திருந்தா பாப்பா இந்நேரம் காலேஜுக்கு அப்ளை பண்ணிட்டிருக்கும்."

கௌரம்மா என்னைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"டீச்சர் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவச் சொன்னாங்கம்மா. நாங்கதான் கேக்கல."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் என்ன நடந்தது என்று பேச்சு எடுத்தால் அடுத்தது கல்யாணம் வரும், கல்யாணம் வந்தால் வயது வரும், வயது வந்தால் திம்மராஜ் ஜெயிலுக்குப் போவார், தக்காளிக்குத் தண்ணீர் விட ஆள் இருக்காது. அதோடு, டீச்சரை ஒரு பெரிய இடத்தில் வைத்துக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற மரியாதையும் அவளுக்கு இருந்தது. அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியாதது. இல்லை டாக்டர், இந்த அம்மா அன்றைக்கே கேட்டாள், வேண்டாம் என்று அனுப்பியது நான். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணத்தைப் பற்றி வாய் திறக்காமலே அதைச் சொல்லியிருக்கலாம்.

மஞ்சுளா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. கௌரம்மா சொன்னதை டாக்டர் சீட்டில் எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடி, என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.